அப்பா தூங்குறார்

போனைத் தொடுவதற்கு முன் அவள் கையை இரண்டு தடவை துடைப்பாள். ஒரு தடவை தோளில் கிடக்கும் துண்டில், இன்னொரு தடவை இடுப்பில். கை காய்ந்திருந்தாலும் அப்படித்தான். பல வருஷமாக ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆஸ்பத்திரி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலை அவளுக்கு. காலையில் தொட்டிக்குள் இறங்குகிற கை சாயங்காலம்தான் கரையேறும். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்து ரேகை தேய்ந்துபோயிருந்தது. போன் வாங்கித் தந்த அன்று மகன் அவள் கட்டைவிரலைப் பிடித்து அதன் முதுகில் வைத்து வைத்துப் பார்த்தான். போன் அவளை ஏற்றுக்கொள்ளவேயில்லை.

"அம்மா, உனக்கு ரேகையே இல்ல. நீ எங்க திருடினாலும் யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"அப்போ நல்ல வீடா ஒண்ணு பாத்து வை. ரெண்டு பேருமா போலாம்."

கடைசியில் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுக்கிற பூட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அந்தக் கோட்டை இழுக்கத்தான் அவள் கையைத் துடைப்பது.

மகனை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் செய்த சேட்டைக்கு ஒட்டிய பெயர். மீசை வந்த பிறகும் உதிரவில்லை. தன் போனுக்கும் அவன் அதே பெயரைத்தான் வைத்திருந்தான்.

வீட்டுக்கு நெட் வந்ததும் அவனால்தான். கேபிள்காரர் வந்து தெருக் கம்பத்திலிருந்து ஒயர் இழுத்து, கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார். அவள் அதைத் தள்ளி நின்று பார்த்தாள். பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். புதுச் சாமான் எதையும் முதலில் கண்ணால்தான் தொடுவாள்.

"இதுதான் ரவுட்டர்," என்றான் வாலு. "தெருவில இருந்து வர்ற லைன் வேற, வைஃபை வேற, தெரிஞ்சுக்கோ. நெட்டு லைன்ல வருது. அதை இந்த ரவுட்டர் வாங்கி நம்ம போனுக்கெல்லாம் பிரிச்சுக் குடுக்குது. அந்தப் பிரிச்சுக் குடுக்குறதுதான் வைஃபை."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க கேன்டீன் மாதிரி. சமையல் உள்ள நடக்குது. கவுன்டர்ல நிக்கிற ஆளு எடுத்து எடுத்துக் குடுக்குது."

"அதேதான்."

"அப்போ உள்ள அடுப்பு அணைஞ்சுட்டா, கவுன்டர் ஆளு சிரிச்ச முகமா சும்மா நிக்கும்."

"வைஃபை ஃபுல்லா காட்டும், நெட்டு வராது. நீ பேசாம கேபிள்காரர்கிட்ட வேலைக்குப் போயிடும்மா."

அடுத்தது பெயர். வீட்டு வைஃபைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், அந்தப் பெயர்தான் சுற்றுவட்டாரத்துப் போன்களிலெல்லாம் தெரியும் என்றான். அப்போது அவள் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து நாற்காலியிலேயே வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பஸ் டெப்போவில் டயர் ஸ்டோர் அவர் பொறுப்பில் இருந்தது. வாலு ஒரு தடவை அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு விறுவிறுவென்று அடித்தான். தமிழ் எழுத்தில் இடம் போதவில்லை என்று ஆங்கில எழுத்தில் அடித்தான்.

"என்னடா எழுதுன?"

"அப்பா தூங்குறார்."

அவள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தெருவே பாக்கும்டா, பாவி."

"பாக்கட்டும். சத்தம் போடாம நடப்பாங்க."

பாஸ்வேர்டாக அவள் பெயரைப் போட்டு, பின்னால் ஒரு எண்ணைச் சேர்த்தான். அப்பா பேரில் வாசலும் தன் பேரில் சாவியுமா என்று அவள் கேட்டாள். அப்படித்தான் என்றான். மாடி வீட்டுக்காரர்கள் ஓசியில் படம் பார்க்காமல் இருக்க, யாராவது சேர்ந்தால் அவள் போனில் டிங் என்று தகவல் வரும்படியும் செய்தான். சோதித்துப் பார்க்கத் தன் போனின் வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போட்டான். அவள் போனில் தமிழில் வந்தது: வாலு இணைந்தது.

"இணைந்ததா? நீ என்ன ஆடா மாடா? இணைந்தான்னு போடச் சொல்லு."

"போனைச் சொல்லுதும்மா, என்னை இல்ல."

அன்றைக்கு அது வெறும் வேடிக்கைப் பேச்சு.

டெப்போவில் மகனை வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அப்பாதான். அங்கே போர்மேன் அவருடைய இருபது வருஷச் சிநேகிதர். தேய்ந்துபோன டயர்களுக்கெல்லாம் அந்தப் போர்மேன் நல்லது என்று சான்று கொடுத்து வண்டியில் மாட்டச் சொல்கிறார் என்பதை வாலு கண்டுபிடித்தான். அப்பாவிடம் சொன்னான். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றார். மேனேஜரிடம் போய்ச் சொன்னான். போர்மேனின் வேலை போனது.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை அவள் மறக்க மாட்டாள்.

"அவன் கையால சோறு தின்னவன்டா நான்," என்றார் அப்பா.

"டயர் வெடிச்சா? பஸ்ல உக்காந்திருக்கிறவங்க யாரு கையால தின்னாங்க?"

"நாளைக்கு நான் எந்த முகத்தோட டெப்போவுக்குள்ள போவேன்? என் கண்ணு முன்னாடி நிக்காத. வெளிய போ."

வாலு அடுப்படிப் பக்கம் திரும்பினான். "நீ சொல்லும்மா. நான் செஞ்சது தப்பா?"

அவளுக்குத் தெரியும், தப்பில்லை. சொல்ல வார்த்தையும் இருந்தது. கழுவுதொட்டிக்கு முன்னால் கை நனைந்தபடி நின்றாள். வீட்டுக்காரருக்கு எதிரே வாயைத் திறந்து அவளுக்குப் பழக்கமில்லை. தண்ணீர்க் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் அவன் பையை எடுத்துக்கொண்டு போன சத்தம் கேட்கவில்லை.

நம்பரை மாற்றிவிட்டான். அவனுடைய சிநேகிதன் ஒருவனைத் தேடிப்பிடித்துக் கேட்டாள். நன்றாக இருக்கிறான், பார்சல் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறான், நம்பரை மட்டும் வீட்டில் கொடுக்க வேண்டாம் என்கிறான் என்று சொல்லி அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அம்மாவுக்குமா வேணாங்குறான்?" என்று கேட்டாள். அவன் தன் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அதுவே பதிலாக இருந்தது.

பல மாதம் கழித்து ஒரு மத்தியானம். கேன்டீனில் அன்று வாரவிடுமுறை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போன் டிங் என்றது. கையைத் துடைத்தாள், ஒன்று, இரண்டு. கோட்டை இழுத்தாள்.

வாலு இணைந்தது.

கதவைத் திறந்து படிக்கட்டைப் பார்த்தாள். யாருமில்லை. ஜன்னலுக்கு ஓடினாள். தெருமுனை ஜெராக்ஸ் கடை வாசலில் பார்சல் பெட்டி கட்டிய வண்டி ஒன்று நின்றிருந்தது. ஓட்டுகிறவன் தலையில் ஹெல்மெட். கடைக்காரரிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அந்தத் தோளை அவளுக்குத் தெரியாதா? போன் மறுபடியும் டிங் என்றது. வாலு துண்டிக்கப்பட்டது.

அதற்குப் பிறகு அவ்வப்போது வந்தது. வாரத்தில் ஒரு தடவை, சில வாரம் இரண்டு தடவை. போன் பழைய வைஃபையை மறக்காமல் வைத்திருந்தது. எல்லைக்குள் வந்ததும் பழக்கதோஷத்தில் தானாகவே ஒட்டிக்கொண்டது. எல்லை எதுவரை என்று பார்க்க அவள் ஒரு நாள் தன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். திரையில் வளைவுகள் மூன்று இரண்டானது, இரண்டு ஒன்றானது, ஜெராக்ஸ் கடையைத் தாண்டிய உடனே ஒன்றுமில்லை.

மறுநாள் ஸ்டூலைப் போட்டு ஏறி, ரவுட்டரைக் கூடத்துச் சுவரிலிருந்து கழற்றி, ஒயர் எட்டுகிற மட்டும் இழுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"அதை எதுக்கு அங்க கொண்டுபோய் வெச்ச?" என்றார் வீட்டுக்காரர்.

"சூடாகுதுங்க. காத்துப் படட்டுமேன்னு."

இப்போது ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த டீக்கடை வரைக்கும் எட்டியது. டீக்கடையில் நின்றால் ஒரு டீ குடிக்கிற நேரம் கிடைக்கும். இணைந்ததற்கும் துண்டிக்கப்பட்டதற்கும் நடுவிலுள்ள அந்த நேரம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. கேன்டீனில் இருக்கும்போது வந்தாலும் போன் பிற்பாடு சொல்லிவிடும்.

கேன்டீன் கல்லாவில் உட்காருகிற பெண்ணிடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தாள்.

"ஓடிப் போய்க் கையைப் பிடிச்சுட வேண்டியதுதானேக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"பிடிச்சு, அவன் உதறிட்டா? அப்புறம் இந்தத் தெரு பார்சலே வேணாம்னு சொல்லிடுவான். அவனை எனக்குத் தெரியாதா?"

"சரி, அவனுக்குத் தெரியுமா, உங்க போன்ல மணி அடிக்குதுன்னு?"

அந்தக் கேள்வி அவளை உலுக்கிவிட்டது. அவனே போட்டுக் கொடுத்த மணி. நினைவு வைத்துக்கொண்டு வேண்டுமென்றே அங்கே நிற்கிறானா? இல்லை, அவன் பாட்டுக்கு வண்டியில் போக, சட்டைப் பையிலிருக்கும் போன் மட்டும் வீட்டைக் கண்டுகொள்கிறதா? வருவது இணைந்தானா, இணைந்ததா? பாத்திரம் கழுவக் கழுவ இதையே உருட்டிக்கொண்டிருந்தாள். தட்டு தேய்ந்ததே தவிர விடை கிடைக்கவில்லை.

வினை வந்தது வேறு பக்கமிருந்து. டெப்போவுக்கு வந்த புதுப் போர்மேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். வந்தவர் ஒரு வீடியோவைக் காட்டுவதற்காக வைஃபை கேட்டார். தன் போனைப் பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்பா தூங்குறார்! அண்ணே, இது உங்க வீடுதானா? டெப்போவிலயும் இதே போர்டை மாட்டிடலாம்."

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. வீடியோவும் ஓடவில்லை; வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. மறுநாளே கேபிள்காரரை வரச் சொல்லிவிட்டார்.

கேபிள்காரர் ரவுட்டரை எட்டிப் பார்த்தார். "யாருண்ணே இதை வெளியூருக்கு அனுப்புற மாதிரி ஜன்னல்ல வெச்சது? பாதி சிக்னல் தெருவுக்குப் போகுது." பிறகு தன் போனில் எதையோ திறந்தார். "இதுல சேர்ந்த போனெல்லாம் காட்டுது. உங்களுது. அக்காவுது. அப்புறம் வாலுன்னு ஒண்ணு அப்பப்போ வந்து போகுது. அது யாரு?"

அடுப்படியில் அவள் கையிலிருந்த கரண்டி நின்றது.

"தெரியாது," என்றார் வீட்டுக்காரர். கேபிள்காரர் நீட்டிய போனைத் தள்ளிவிட்டு, "பேரையும் மாத்துங்க, பாஸ்வேர்டையும் மாத்துங்க," என்றார்.

அவள் கையைத் துடைத்தாள். ஒரு தடவை துண்டில், ஒரு தடவை இடுப்பில். கூடத்துக்கு வந்தாள்.

"பாஸ்வேர்டு இருக்கட்டும்."

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடைய குரலோ போலிருந்தது.

"பேரு வேணா மாத்திக்குங்க. உங்களுக்குக் கௌரவக் குறைச்சல். பாஸ்வேர்டு என் பேரு. அது இருக்கட்டும்."

வீட்டுக்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கட்டையிலிருந்த ரவுட்டரைப் பார்த்தார். அது எதற்கு அங்கே போனது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

"சரி," என்றார் மெதுவாக. "அது அப்படியே இருக்கட்டும். பேரை மட்டும் மாத்துங்க. ரவுட்டரும் அங்கேயே இருக்கட்டும்."

கேபிள்காரர் ஹோம் என்று ஒரு பெயரைப் போட்டார். வேகம் குறைந்ததற்கு ரவுட்டர் காரணமில்லை, கம்பத்துப் பெட்டியில் ஏதோ கோளாறு என்று அதையும் பார்த்துச் சரிசெய்தார். போகும்போது, "ரெண்டு பேரும் உங்க போன்ல பழைய பேரை அழுத்துங்க, 'நெட்வொர்க்கை மறந்துவிடு'ன்னு வரும், அதைத் தட்டிட்டுப் புதுசுல சேந்துக்குங்க. இல்லன்னா வீணாக் குழம்பும்," என்றார். அவரே பக்கத்தில் நின்று தட்ட வைத்தார். மறந்துவிடு என்ற எழுத்தின் மேல் அவள் விரல் ஒரு கணம் தயங்கியது. பாஸ்வேர்டுதான் இருக்கிறதே என்று தட்டிவிட்டாள்.

அன்று அவளுக்கு நடையே வேறாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வார்த்தை சொல்லி, அது நின்றிருக்கிறது. அன்றைக்கு வாலு கேட்டபோது சொல்லாமல் விட்டதில் ஒரு துளியாவது இன்று ஈடுகட்டியாயிற்று என்று நினைத்தாள். வீட்டுக்காரருக்கு டீயைக் கொஞ்சம் கெட்டியாகவே போட்டுக் கொடுத்தாள்.

அந்த வாரம் டிங் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஒரு விடுமுறை நாளில் ஜன்னலில் நின்றிருந்தவள், ஜெராக்ஸ் கடை வாசலில் அதே வண்டியைப் பார்த்தாள். அதே தோள். டீக்கடைக்கு நகர்ந்தான். கிளாஸை வாங்கினான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான். நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. மறுபடி போனைப் பார்த்தான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். அவள் போன் ஜன்னல் கட்டையில், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே, ஊமையாகக் கிடந்தது.

கல்லாப் பெண்ணிடம் போய்க் கேட்டாள். "பாஸ்வேர்டு அதேதான். அப்புறம் ஏன் சேரலை?"

"பேரு?"

"பேரைத்தான் மாத்தினாங்க."

அந்தப் பெண் சில்லறை எண்ணுவதை நிறுத்தினாள். "ஐயோ அக்கா. போனு முதல்ல பேரைத்தான் தேடும். பேரு கிடைச்சாத்தான் பாஸ்வேர்டை எடுத்து நீட்டும். பேரு மாறிட்டா அது அவன் போனுக்கு வேற யாரோ வீடு."

அவள் தொட்டிக்குத் திரும்பிப் போய்க் கையை உள்ளே விட்டாள். தன் பெயரைப் பிடித்து வைத்துக்கொண்டு அப்பா பெயரை விட்டுக்கொடுத்திருக்கிறாள். அப்பா பெயர் இல்லாமல் தன் பெயரால் ஒன்றும் திறக்காது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் அங்கே நின்று போனைப் பார்த்தானே. பார்த்து என்ன நினைத்திருப்பான்? அம்மாவும் சேர்ந்து அடைத்துவிட்டாள் என்றுதானே?

கல்லாப் பெண் அவள் போனிலேயே பெயர் மாற்றும் இடத்தைக் காட்டிக் கொடுத்தாள். "பழைய பேரையே போட்டுடுங்க. பாஸ்வேர்டு அதே இருந்தா தானா சேந்துக்கும். ஆனா ஒரு எழுத்து பிசகக் கூடாது. எப்படி எழுதியிருந்துச்சு?"

அங்கேதான் இடித்தது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தான். அதை அவள் எழுத்துக் கூட்டிப் படித்ததேயில்லை. கண்ணால் பார்த்ததும் மனசு தானாகச் சொல்லிவிடும். தூ என்பதற்கு ஓ இரண்டா, யூவா? ஹெச் உண்டா? கடைசியில் ஏ ஒன்றா இரண்டா? அவள் போனிடமே கேட்கலாம் என்றால், மறந்துவிடு என்று அவள்தான் தட்டியிருந்தாள். சொன்ன சொல்லைத் தட்டாமல் அது மறந்திருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரரைக் கேட்டாள். "அப்பா தூங்குறார்னு இருக்கும்மா, சிரிப்பா இருக்கும், எழுத்தெல்லாம் யாரு பாத்தா?" என்றார்.

கல்லாப் பெண் எழுதிக் கொடுத்தபடி ஒன்றைப் போட்டாள். சில நாள் காத்திருந்தாள். ஓவை எடுத்துவிட்டு யூவைப் போட்டாள். பிறகு ஹெச்சை எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் தன் போனையும் வீட்டுக்காரர் போனையும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் போனை நீட்டினார்.

ஒரு சாயங்காலம் அவள் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடி ஓவிலிருந்து தொடங்கி, ஆங்கில எழுத்துகளை வாய்விட்டுச் சொல்லியபடி விரலால் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தாள். நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"ஓ இல்ல. யூதான்."

அவள் திரும்பினாள். அவர் கண்ணை மூடியபடியே சாய்ந்திருந்தார்.

"தூவுக்கு டி, ஹெச், யூ. கடைசில ஏ ஒண்ணுதான். எல்லாமே சின்ன எழுத்து. நடுவுல இடம் விடல." தாடையைத் தடவினார். "அப்பாவுக்கு ஒரு பிதான் போட்டிருந்தான், நாய். பாக்கும்போதெல்லாம் கூப்பிட்டு ஒரு குட்டு வைக்கணும்னு நினைப்பேன்."

லோடு லோடாக வரும் டயரின் எண்ணையும் எழுத்தையும் ஒரே பார்வையில் மனசில் வாங்குகிற கண் அவருடையது. தன் போனில் தினமும் அதைப் பார்த்திருக்கிறார். ஒரு சொல் சொல்லவில்லை. மாற்றவும் சொல்லவில்லை, வெளி ஆள் சிரிக்கும்வரை.

"தெரிஞ்சுதான் விட்டு வெச்சிருந்தீங்களா?" என்றாள்.

"தூங்குறவனைத் தூங்குறான்னுதானே எழுதினான்," என்றார். கண்ணைத் திறக்கவில்லை. "போடு. ஒரு பி."

கையைத் துடைத்துக்கொண்டு போட்டாள்.

அந்த மாதமே வாலுவின் அந்தச் சிநேகிதனை அவள் மறுபடி பார்த்தாள். வாலு வேறு கம்பெனிக்கு மாறிவிட்டான், இந்தப் பக்கத்து பார்சல் இப்போது அவனுக்கு இல்லை என்றான். வீட்டில் பழைய பேரையே போட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடு என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சரி என்று தலையாட்டினான். அவன் கையிலிருப்பது இன்னும் அந்தப் பழைய போன்தானா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

ரவுட்டர் இப்போதும் ஜன்னல் கட்டையில்தான் இருக்கிறது. பெயர் அப்பா தூங்குறார், ஒரு பி. பாஸ்வேர்டு அவள் பெயர். வீட்டுக்காரர் தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். போன் டிங் என்றால் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் கையைத் துடைத்து எடுத்துப் பார்த்து, உங்க போன்தான் சேந்திருக்கு என்கிறாள். வாலு இன்னும் இணையவில்லை.